ஜாடியின் மாமியார்

கேட்காத காது கேட்கும் என்ற செய்தி, காது கேட்காதவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். அற்புதம் என்றால் அப்படித்தான்.

பீப்பாய்ப் பட்டறைக்குப் பின்னால் ஒரு காலிக் கிடங்கு. அதன் வாசலில் விடிந்தும் விடியாமலும் வரிசை. உள்ளே வெள்ளை அங்கி, பட்டுத் துண்டு, எண்ணெய் மினுக்கும் வழுக்கை சகிதம் செவியானந்தர். பெயர் அவராகவே வைத்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் மட்டும் அவருக்கே காது கேட்காது.

"காது மந்தமாகிறது சத்தத்தால இல்ல பக்தர்களே! அடுத்தவங்க வயிறெரிஞ்சு சொன்ன சொல்லால! அந்தச் சொல்லு உள்ள போய் உட்காந்து, கெட்டியாகி, அழுக்காயிடுது!" என்பார்.

அந்த அழுக்கை உறிஞ்ச ஒரு மந்திரக் குழல். மெழுகு தோய்த்த துணியைச் சுருட்டிச் செய்தது. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையில் தீ வைப்பார். முக்கால்வாசி எரிந்ததும் அணைத்து, அடித்துண்டைக் கத்தரியால் பிளப்பார். உள்ளே மஞ்சளும் கறுப்புமாய்ப் பிசுபிசுவென்று ஒரு மண்டி. கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். சாமி அதைக் குச்சியால் கிளறி, "இது உன் மாமியார் சொல். இது பங்காளி சொல்" என்று வகை பிரிப்பார். மாமியாரும் பங்காளியும் இல்லாத வீடு எது? குறி தப்பவே தப்பாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. வரிசையில் நிற்கும்போதே சீடர்கள் எல்லோர் காதிலும் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்துவிடுவார்கள். "உள்ள இளகணும்" என்பார்கள். அரை நாள் கழித்துச் சாமி முன்னால் பஞ்சை உருவி, குழலையும் எரித்துவிட்டு, "கேக்குதா?" என்று கேட்டால், "கேக்குது சாமி, கணீர்னு கேக்குது!" என்று ஆள் துள்ளிக் குதிப்பார். துள்ளாமல் என்ன செய்வார்?

பட்டறையில் நெளிந்த இரும்புப் பீப்பாய்களைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவார்கள். அந்த இடியில் நின்றவர்களில் ஒருவர் நம் சம்மட்டிக்காரர். மகளின் மெல்லிய குரல் சில மாதங்களாகவே அவருக்குப் பிடிபடவில்லை. அவள் எது சொன்னாலும், "ஆமாம்மா" என்று சிரித்துவைப்பார். "அப்பா, உனக்குப் பைத்தியமா?" என்று ஒருநாள் சோதித்துப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றார். அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல்.

மறுநாளே அவர் வரிசையில் நின்றார்.

"காதுமூடி போடறியா?" என்று கேட்டார் சாமி.

"பட்டறையில போடுவேன் சாமி."

"அதான் வினை! மூடினா கெட்ட சொல்லு வெளிய வர வழியில்லாம உள்ளயே புழுங்கும். கழட்டி எறி!"

எறிந்தார். பட்டறை முழுக்க எறிந்தது. இதில் அதிகம் பூரித்தவர் முதலாளி. புதிய காதுமூடி வாங்கித் தரச்சொல்லித் தொழிலாளிகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். இனி அந்தச் செலவில்லை. கிடங்கைச் சாமிக்குச் சும்மா கொடுத்த பக்தர் யாரென்று இப்போது உங்களுக்கே புரியும்.

சில வாரங்களில் சம்மட்டிக்காரர் காதுக்குள் ஓயாமல் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம். சாமியிடம் ஓடினார்.

"தேவலோகச் சங்குப்பா அது! எல்லாருக்கும் கேக்காது. கொடுத்து வெச்சவன் நீ!"

கொடுத்துவைத்தவர் தூக்கமில்லாமல் புரண்டார். ஒரு மதியம் பட்டறை முற்றத்தில் லாரி ஒன்று 'பீப் பீப்' என்று பின்னால் வந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

அவர் மனைவி ஜாம் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தெருவே 'ஜாம் அக்கா' என்று கூப்பிடும். செய்தி கேட்டதும் புருஷனைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

காது டாக்டரம்மா அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். முடித்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னார்.

"ஓயாத சத்தத்துல உள்காது அடிபட்டிருக்கு. போன கேக்கற சக்தி திரும்ப வராதுங்க. ஆனா மிச்சம் நிறைய இருக்கு, அதைக் காப்பாத்தலாம். பட்டறையில காதுமூடியைக் கழட்டவே கூடாது. நடுநடுவுல சத்தமில்லாத இடத்துல உட்காருங்க. டி.வி.யைக் குறைச்சு வைங்க. வருஷா வருஷம் வந்து காட்டுங்க. குச்சி, எண்ணெய், தீ எதுவும் காதுப் பக்கமே போகக் கூடாது."

வெளியே வந்ததும் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த அம்மா வராதுங்கறாங்க. சாமி வரும்ங்கறார். பாப்பா பேசறது கேக்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. நான் யாரை நம்பட்டும், சொல்லு?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்பவே வேணாங்க. சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

வர முடியாதவர்கள் குழலை வாங்கிப்போய் வீட்டிலேயே எரித்து, அடித்துண்டைக் கொண்டுவந்து குறி கேட்கலாம் என்று சாமி சலுகை வைத்திருந்தார். வியாபாரம் பெருகினால் சலுகையும் பெருகும். அடுத்த கூட்டத்தில் அக்கா ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுல ஒருத்தர் சாமி. எவ்வளவு கத்தினாலும் காதுல வாங்கறதே இல்ல."

சாமி துண்டைப் பிளந்தார். மண்டியைக் கிளறினார். முகம் சுளித்தார்.

"அடேயப்பா! இவங்க மாமியார் பொல்லாதவங்க. ஒரு கண்ணு சரியில்லாத பங்காளியும் சபிச்சிருக்கான். இன்னும் ஏழு குழல் எரிச்சாத்தான் தொறக்கும்!"

"நான் சொன்ன ஒருத்தர் இவங்கதான் சாமி" என்று அக்கா பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒரு கண்ணாடி ஜாடி. மூடியில் ஓட்டை. "இதுல செருகித்தான் எரிச்சேன். இந்த ஜாடியோட மாமியார் வீடு எங்கன்னு சொல்லுங்க. நானே போய்ச் சமாதானம் பேசிட்டு வரேன்."

கூட்டத்தில் யாரோ 'களுக்' என்றார்கள்.

சாமி சளைக்கவில்லை. "யாராவது ஜாடிக்குப் பக்கத்துல நின்னு திட்டியிருப்பாங்க!"

"சரி. கம்பெனியில சீல் வெச்ச புதுக் காலி ஜாடி இன்னொண்ணு இருக்கு. இங்கயே எரிச்சுடலாம். இது பக்கத்துல யாரும் மூச்சு விடாதீங்க!"

மேஸ்திரி முன்னால் வந்து சீலை உடைத்தார், மூடியில் துளை போட்டார், குழலைச் செருகிக் கொளுத்தினார். அணைத்துப் பிளந்தார். அதே மஞ்சள், அதே கறுப்பு.

"எரிஞ்ச மெழுகும் கரியும்தானேய்யா இது!" என்றார் மேஸ்திரி. அதோடு அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. தன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார். "அட, பஞ்சை எடுத்தா கேக்கத்தானே செய்யும்!"

கிடங்கு முழுக்கப் பஞ்சு பறந்தது. சிரிப்புச் சத்தம் ஓய்ந்து பார்த்தால் சாமியும் இல்லை, சீடர்களும் இல்லை. பட்டுத் துண்டு மட்டும் பின்கதவுக் கொண்டியில் மாட்டித் தொங்கியது.

நைசாக நழுவப் பார்த்த முதலாளியைத் தொழிலாளிகள் வளைத்துக்கொண்டார்கள்.

"முதலாளி, காதுமூடி எப்ப வரும்?"

"என்னப்பா? சரியா காதுல விழலையே."

"குழல் வைக்கட்டுங்களா?" என்று தீப்பெட்டியை ஆட்டினார் மேஸ்திரி.

உடனே விழுந்தது. காதுமூடிகள் வந்தன. பீப்பாய்க்கு அடியில் போட ரப்பர் விரிப்பும் வந்தது. இடி பாதியாய்க் குறைந்தது.

சம்மட்டிக்காரர் அன்று வீட்டுக்கு வந்து மகளை எதிரே உட்காரவைத்தார்.

"பாப்பா, அப்பாவுக்குக் காது கொஞ்சம் கம்மி. இத்தனை நாள் கேட்ட மாதிரி நடிச்சேன். இனிமே என் மூஞ்சியப் பாத்து, மெதுவாப் பேசறியா?"

அவள் அவர் கன்னங்களை இரண்டு கையாலும் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நிறுத்தவேயில்லை. சங்கொலி அவருக்கு முழுதாகப் போகவில்லைதான். அவள் பேச்சில் அது மறந்துபோயிற்று.

செவியானந்தர் இப்போது வேறோர் ஊரில் கண்ணானந்தராக இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம். நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் இரண்டு காதுகளுக்கும் நடுவே ஒரு தலை இருக்கிறது. காதில் விழுந்ததை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி விசாரியுங்கள். அதற்குப் பஞ்சும் வேண்டாம், குழலும் வேண்டாம்.