யாரிடமும் சொல்லாதவர்

எதையும் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லி முடித்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிரான இனத்தைப் பற்றி. ரங்கூனில் சின்னச் சின்ன ஒயின் பார்கள் முளைத்த பிறகு தோன்றிய இனம் இது. பெரிய ஓட்டலைச் சேராத, கிளைகள் இல்லாத, யாரோ ஒருவர் சொந்தக் கையை ஊன்றி நடத்துகிற, நாலைந்து மேஜை மட்டுமே போட்ட ஓர் ஒயின் பாரைக் கண்டுபிடித்து, அதை மனதார நேசித்து, அந்த நேசம் காரணமாகவே அப்படி ஓர் இடம் இருப்பதை உலகத்திடமிருந்து மறைத்து வைப்பவர். யாரிடமும் சொல்லாதவர் என்று இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

இவரைக் கண்டுபிடிப்பது எளிது. நேற்றுச் சாயங்காலம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பீர் குடிக்கிறவர் என்றால் தெருப் பெயர், கடைப் பெயர், என்ன சாப்பிட்டார், யார் யாரோடு சண்டை போட்டார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். இவர் சொல்லமாட்டார். கூரையைப் பார்ப்பார், லேசாகப் புன்னகை செய்வார், "ஒரு இடம்" என்பார். எந்த இடம் என்று விடாமல் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிக்காது" என்பார். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் அவர் முடிவு செய்தாயிற்று.

இந்த இனத்தில் நான் நெருக்கமாகப் பார்த்தவர் தனசேகரன். வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சியில் வேலை. வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை தவறாமல் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நகரின் நடுவே ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நிற்பார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரைப் போல நிற்பார். இடமும் வலமும் பார்த்துவிட்டு, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, லோஞ்ஜிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்து மாடிப்படியில் ஏறுவார்.

இரண்டாம் மாடியில் ஐந்து மேஜை. நடத்துகிறவர் கமலாட்சி; பர்மிய வழக்கப்படி மா கமலா. பத்து வருஷம் சிங்கப்பூரில் ஒரு ரெஸ்டாரண்டில் ஒயின் ஊற்றி, அதன் நெளிவுசுளிவெல்லாம் கற்றுக்கொண்டு, சேர்த்ததையெல்லாம் இந்த ஐந்து மேஜைகளில் போட்டிருந்தார். ஒயின் பெயர்களைத் தன் கையாலேயே சிலேட்டில் எழுதி மாட்டுவார். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, லபெட் என்கிற ஊறவைத்த தேயிலையோடு வறுத்த கடலையைத் தட்டில் வைப்பார்.

தனசேகரனுக்கு ஜன்னலோர மேஜை. ஷான் மலைத் திராட்சையில் செய்த வெள்ளை ஒயினைக் கிளாஸில் சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். "மழை பெஞ்ச கல்லு வாசனை" என்பார். வருஷத்தில் ஆறு மாதம் மழை பெய்கிற ஊரில் கல்லுக்கு வேறு என்ன வாசனை இருக்கும்? ஆனால் அவர் முகத்தில் அந்த நேரத்தில் தெரிந்த நிம்மதி பொய் இல்லை. ஆபீஸில் ஆறு நாளும் பெட்டிகளோடும் ஃபாரங்களோடும் மல்லுக்கட்டிய மனிதர், யாரும் தன்னைக் கூப்பிடாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நிம்மதி அது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இந்த இனம் யோசனையும் சொல்லும். கமலாட்சி நல்லதாக ஒரு போர்டு எழுதி வாங்கி வந்திருந்தார். தனசேகரன் பதறிப்போனார். "போர்டு வச்சா கண்டவனும் வருவான், மா கமலா. தேடி வர்றவன் தேடி வருவான்." போர்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பாட்டுப் போடலாமா என்றார் கமலாட்சி. கூடாது. போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடலாமா? கூடவே கூடாது. சொந்தக் கடை என்றால் அடக்கமாக இருக்க வேண்டும் என்றார் தனசேகரன். கமலாட்சி தலையாட்டினார். மரியாதையான வாடிக்கையாளர், என்ன செய்வது.

மனைவி சத்யபாமாவிடம் கூட அவர் சொல்லவில்லை. கோயில் திருப்பணிக் கமிட்டி கூடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். "பதினோரு மாசமா கமிட்டி கூடுது, கோபுரத்துல ஒரு செங்கல் ஏறலியே" என்று அந்த அம்மாள் ஒருமுறை கேட்டாராம். பட்ஜெட்டில் கருத்து வேறுபாடு என்று தனசேகரன் சமாளித்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? மூன்றாவது மேஜை என்னுடையது; வீட்டுக் கதை பின்னால் காதில் விழுந்தது. இரண்டாவது மேஜையில் மோகன். தனசேகரனோடு ஒரே ஆபீஸில் எதிரெதிர் நாற்காலியில் உட்காருகிறவர். நாலாவதில் பேரறியாத ஒரு வாத்தியார். ஐந்தாவது எப்போதும் காலி. நாங்கள் நாலு பேரும் பதினோரு மாதமாக ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பது போல உட்கார்ந்து குடித்துவிட்டு, பத்து நிமிஷ இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் படியிறங்கினோம். மோகனும் தனசேகரனும் மறுநாள் ஆபீஸில், நேற்று வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம்.

பனிக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலேட்டில் புது ஒயினின் பெயர் இல்லை. இந்த மாதக் கடைசியோடு கடை மூடப்படும் என்று எழுதியிருந்தது. தனசேகரன் அதை இரண்டு முறை படித்தார். கிளாஸைத் தொடவில்லை.

"என்னம்மா இது. இந்த ஊர்ல ரசனையே செத்துப்போச்சா? இவ்வளவு நல்ல இடத்துக்கு ஒருத்தன் வரமாட்டேங்கிறானே."

"எப்படிண்ணே வருவாங்க? நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நானா? சத்தியமா யார்கிட்டயும் சொல்லல."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் பெருமை இறங்கிவிட்டது. கமலாட்சி இரண்டாவது மேஜையைப் பார்த்தார். மோகன் கிளாஸுக்குள் எதையோ தேடினார். கமலாட்சி என்னைப் பார்த்தார், நான் பாட்டில் லேபிளைப் படித்தேன். வாத்தியார் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"நாலு பேரும் ரொம்ப நல்லவங்க" என்றார் கமலாட்சி. "ஒருத்தர் கூட வெளியில சொல்லல. திரும்பவும் சிங்கப்பூர் போயி நின்னுக்கிட்டே ஊத்துறதுக்கு எனக்கு இனிமே கால்ல தெம்பு இல்லண்ணே. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று முதல்முறையாக நாங்கள் நாலு பேரும் ஒன்றாகப் படியிறங்கினோம்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆனால் சொல்லிப் பழக்கமில்லாதவர் யாரிடம் போய்ச் சொல்வார்? தனசேகரன் வீட்டுக்குப் போய் சத்யபாமாவிடம் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. "அப்ப கமிட்டி ரெண்டாவது மாடியிலயா கூடுது?" என்று மட்டும் கேட்டாராம் அந்த அம்மாள். அடுத்த வெள்ளிக்கிழமை தங்கை, தங்கையின் நாத்தனார், பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பெண்மணி தோ தின், தமிழ் வகுப்பு டீச்சர் இரண்டு பேர் என்று படை திரட்டிக்கொண்டு படியேறி வந்தார். மழை பெய்த கல்லை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் போட்டா நல்லாயிருக்கும்" என்றார். தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். சத்யபாமா இன்னொரு கிளாஸ் வாங்கினார், சிலேட்டோடு நின்று போட்டோ எடுத்தார், எடுத்த சூட்டிலேயே ஃபேஸ்புக்கில் போட்டார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்ற போர்டையும் அவர்தான் கண்டுபிடித்துத் திருப்பினார்.

மாதக் கடைசியில் கடை மூடவில்லை. படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது. சிலேட்டை அழித்துவிட்டுக் கமலாட்சி ஏழு ஒயின்களின் பெயரை எழுதினார். எழுதும்போது அழுதார், நான் பார்த்தேன். போர்டு தெருவில் தொங்கியது. பாட்டு ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமையும் தனசேகரன் ஐந்தரைக்கு வந்தார். ஜன்னலோர மேஜையில் நாலு இளவட்டங்கள். அவருடைய நாற்காலியில் யாருடைய கைப்பையோ இருந்தது.

"ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கோங்கண்ணே" என்றார் கமலாட்சி, மூன்று கிளாஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு. "எல்லாம் உங்களாலதான்."

அரை மணி நேரம் அவர் படிக்கட்டில் நின்றார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதில் சத்யபாமாவின் சிரிப்பும் இருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"இடம் கெட்டுப்போச்சு."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கடை பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போகும்போது போர்டை நிமிர்ந்து பார்த்து, அது கோணலாக இருக்கிறதென்று கையை நீட்டிச் சரிசெய்யப் பார்த்தார். எட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து தாகேதா போகிற பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். எங்கே என்றேன். ஒரு இடம் என்றார். எந்த இடம் என்றேன். உங்களுக்குப் பிடிக்காது என்றார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நிறுத்தம் தள்ளி அவர் இறங்கியதும் நானும் இறங்கி, அவர் பின்னாலேயே போனேன்.

பஸுன்டவுங் ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்று மேஜை. நடத்துகிறவர் செல்லையா; பர்மிய மரியாதைப்படி எல்லாருக்கும் ஊ செல்லையா. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு ஒயினை அவர் கொஞ்சம் குளிர வைத்துத் தருகிறார். அந்த மாதிரி நான் எங்கேயும் குடித்ததில்லை. தனசேகரன் ஒரு மேஜை, நான் ஒரு மேஜை. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் ஊ செல்லையா மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "கீழே ஒரு போர்டு வைக்கலாமான்னு பாக்குறேன், ஸயா. நீங்க என்ன சொல்றீங்க?"

கமலாட்சி சொன்னது ஞாபகம் வந்தது. சிலேட்டு ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டே சொன்னேன். "போர்டு எதுக்குங்க. தேடி வர்றவன் வருவான்."

பக்கத்து மேஜையில் தனசேகரன் திரும்பாமலே தலையாட்டினார்.

மூன்றாவது மேஜை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தீர்கள், இல்லையா? சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் ஒருவருக்காக மட்டும்தானே கேட்டீர்கள்?