வெள்ளிக்கிழமை மணியும் ஏழில் நின்ற குமிழும்

நாதத்துக்குள் நாதமாய் நின்று, கேளாத செவிக்கும் ஒருநாள் கேட்கும்படி அருளுகின்ற ஆனைமுகன் திருவடியை முதலில் தொழுகிறோம். அவன் கருணையால், தோற்றுப்போன ஒருவர் நிறைந்த மனத்தோடு வீடு திரும்பிய கதையைச் சொல்லப் புகுகிறோம்.

பாரிவாக்கத்துப் பிள்ளையார் கோயிலின் பெரிய மணி விரிசல் கண்டு, மறுவார்ப்புக்குப் போயிருந்தது. அந்த வெள்ளிக்கிழமைத் தீபாராதனைக்கு அசோக் என்பவர் தம் கைப்பேசியிலிருந்து மணியோசையை ஒலிக்கவிட்டார். கற்பூரம் சுடர்விட்ட நேரம் பார்த்து ஓசை நின்றது. "மூட்டுவலியா? இனிக் கவலை வேண்டாம்!" என்று ஒரு விளம்பரம் முழங்கிற்று. குருக்கள் தட்டும் கையுமாய்த் திகைத்தார். மூட்டுவலிக்காரர் நால்வர் மட்டும் கவனமாகக் கேட்டனர்.

அப்போது எழுந்தார் சண்முகசுந்தரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பஜனைக் கூட்டத்தில் கீபோர்டு வாசிப்பவர்.

"அடுத்த வெள்ளி, மணி என் கீபோர்டுல அடிக்கும். அடிக்கலன்னா இனிமே அத்தத் தொடவே மாட்டேன்! இது சாமி முன்னால சொன்ன சொல்லு!"

பெண்கள் வரிசையில் அமர்ந்திருந்த அவர் மனைவி சுலோசனா கண்ணை மூடிக்கொண்டாள். பக்தியால் என்றே அவர் எண்ணினார்.

அவரிடம் இருந்த கீபோர்டு, எஃப்.எம். என்னும் முறையில் ஒலியைப் படைக்கும் கருவி. மறுநாள் மனைவியை எதிரே உட்காரவைத்து அதன் தத்துவத்தை விளக்கினார்.

"இதோ பாரு சுலோ. உள்ள ரெண்டு அலை கீது. ஒண்ணு கேரியர், இன்னொண்ணு மாடுலேட்டர். கேரியர்தான் பாடும். மாடுலேட்டர் அதோட சுருதியப் புடிச்சு, ஒரு நொடிக்கு நூத்துக்கணக்குல ஆட்டும். அம்மாம் வேகமா ஆட்டுனா, ஆட்டம் காதுல விழாது. புதுப்புது ஒலியாப் பொறக்கும்."

"அந்த ரெண்டாவது ஆளு சத்தம் வெளிய கேக்காதா?"

"கேக்கவே கேக்காது. இப்ப நம்ம ஊட்ல நான் கேரியர், நீ மாடுலேட்டர்னு வச்சுக்கோயேன்."

"அது இல்லாங்காட்டி?"

"கேரியர் சும்மா 'ஊ'ன்னு ஊதிகினு கெடக்கும்."

"சரிதான். இந்தக் குமிழு இன்னா?"

"அதான் ஃபீட்பேக். ஒரு அலை, தன் சத்தத்த தானே திருப்பி வாங்கி, தன்னையே ஆட்டிக்கும். கொஞ்சம் வச்சா கணீர்னு இருக்கும்."

"ரொம்ப வச்சா?"

"வெறும் இரைச்சல்னு பொஸ்தகத்துல போட்டுகீது."

"அது எனக்குக் கல்யாணமான நாளாத் தெரியுமே!" என்று சொல்லிவிட்டுச் சுலோசனா அடுக்களைக்குப் போனாள்.

புத்தகம் என்ன சொன்னாலும் சண்முகசுந்தரத்தின் பக்தி ஒப்பவில்லை. ஆண்டவன் காரியத்தில் குறை வைக்கலாமா? ஃபீட்பேக் குமிழை அதன் உச்சமான ஏழில் நிறுத்தினார். இரண்டு அலைகளின் விகிதத்தையும் ஒன்றுக்குச் சரியாக இரண்டு என்று வைத்தார். மணியோசைக்குப் புள்ளி போட்ட எண்ணே பொருந்தும் என்று புத்தகம் சொன்னாலும், அவை அரைகுறை, சந்நிதிக்கு ஆகா. ஒலி மெல்லத் தேய்ந்து அடங்கும் அமைப்பை மட்டும், அவன் அருளால், சரியாக வைத்திருந்தார்.

இரகசியமாக ஒரு சோதனையும் வகுத்தார். மணியோசை கேட்டால் சுலோசனா கையில் இருப்பதைக் கீழே வைத்துக் கும்பிடுவாள். அவள் கை குவிந்தால் வெற்றி.

திங்களன்று கீபோர்டின் கட்டையை அழுத்தினார்.

"குக்கர்னு நெனச்சு அடுப்ப அணச்சிட்டேங்க! பருப்பு வேகல!"

செவ்வாயன்று, மழை வந்துவிட்டதென்று மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளி வந்தாள். புதனன்று, சிலிண்டர் கசிகிறதென்று சன்னல்களையெல்லாம் திறந்துவைத்தாள்.

"ஏங்க, அந்தக் குமிழக் கொஞ்சம் கொறச்சுத்தான் பாருங்களேன்."

"சாமி காரியத்துல கொறக்கிறதா?"

"அப்ப அந்த ரெண்டயாவது..."

"அரகொற பேச்சே வாணாம்!"

"பேசல. ஆனா ஒண்ணு. கட்டய அமுக்குனதும் எதுக்கு என் கையையே பாத்துகினு கீறீங்க?"

"சும்மாதான்" என்றார் அவர். சுலோசனா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே போனாள்.

வியாழனன்று குளித்துவிட்டு வந்தபோது, கீபோர்டின் பக்கத்தில் வெண்கல உருளியும் ஒரு கரண்டியும் கிடந்தன.

"உருளி இன்னாத்துக்கு இங்க?"

"தேச்சு வச்சேன், காயட்டும்."

நம்பிக்கை இழந்த விரலால் கட்டையை அழுத்தினார். டாங்ங்ங்! வெண்கலத்தில் பிறந்து வானத்தில் கரைவது போல் ஓசை எழுந்து தேய்ந்தது. அடுக்களை வாயிலில் கூப்பிய கையோடு சுலோசனா நின்றாள்.

"பிள்ளையாரப்பா!" அவர் கண்கள் நனைந்தன. "நான் ஏழுல வச்சது இன்னிக்குப் பலிச்சிட்ச்சு, சுலோ!"

"பலிக்கட்டுங்க" என்றாள் அவள்.

வெள்ளியன்று அந்த ஓசை எழுந்ததும் ஊரே கைகூப்பிற்று. ஆராதனை முடிந்ததும் அசோக் ஓடிவந்தார்.

"அண்ணாத்தே, பின்னிட்ட! இன்னா வச்ச, சொல்லேன்!"

"ஃபீட்பேக் ஏழு, விகிதம் முழுசா ரெண்டு. சாமிக்கு நான் எதுலயும் கொற வெக்கல."

அசோக் குனிந்து கருவியின் திரையைப் படித்தார். "ஃபீட்பேக் பூஜ்யம்னு காட்டுதே அண்ணாத்தே? விகிதம் ஒண்ணுக்கு ஒண்ணு புள்ளி நாலு."

சண்முகசுந்தரம் பெண்கள் வரிசையைப் பார்த்தார். சுலோசனா பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் சண்முகசுந்தரம் கேட்டார்.

"உருளியத் தட்டித் தட்டி, அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் திருப்பினியா?"

"ம்."

"சாமி முன்னால என் சொல்லக் காப்பாத்திட்ட, சுலோ. உனக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஆனா நீதான் பண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானே சொன்னீங்க, மாடுலேட்டர் சத்தம் வெளிய கேக்கவே கேக்காதுன்னு?"

இதைக் கேட்டவர் இல்லங்களில் இரைச்சல் தணிந்து மணியோசை நிறைக! ஒத்துப்போகாத இருவர் ஒரே நாதமாய் நீடு வாழ்க!