சின்ன ஹெலியா, பெரிய ஹெலியா

“சின்ன ஹெலி எவ்வளவு நேரம் பறக்கும்?” என்று கோணாமலை தொலைபேசியில் கேட்டதும், பின்னால் வரிசையில் நின்றவர்களின் பேச்சு நின்றுபோனது.

“பெரிய ஹெலி என்ன விலையாம்?” என்று அடுத்துக் கேட்டபோது வரிசையே இல்லை.

வடக்கில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். கிழக்கில் ஓய்ந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் வாவியின் இரு கரையிலும் ஆமியின் காவல் சென்ட்ரிகள் இருந்தன. ஹெலி என்றால் குண்டு போடும் ஹெலிகொப்டர்; அந்தச் சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கோணாமலையோ, கட்டார் தூரத்தில் இருக்கிறது என்பதால் சத்தமாகத்தான் பேசுவான்.

அங்கேதான் அவன் மனைவி இராசாத்தி வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஷெல் விழுந்து உடைந்த கூரையைத் திரும்பப் போடுவதற்காகப் போனவள். தங்கள் ஊரான மண்டூரில் ஒன்றாக இருந்த காலமெல்லாம் இருவரும் அதிகம் பேசியதில்லை. அவள் சோற்றுக் கோப்பையை வைக்கும் சத்தத்திலேயே கோபமா சந்தோசமா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தொலைபேசியில் அந்தச் சத்தம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வாவியைக் கடந்து, பஸ் ஏறி, காத்தான்குடியில் சரீபின் தொலைபேசிக் கடைக்கு வருவான்.

“சாப்பிட்டியா புள்ள?”

“ஓம். நீங்க?”

“ஓம்.”

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டுந்தான். திரும்பும்போது, வாவியில் பாதி வழியில், கேட்க நினைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வேறு பேச்சில்லாமல், “வயல் வட்டையில குருவி விழுந்து கதிரெல்லாத்தையும் உறிஞ்சுது. வெடி கொளுத்தவும் ஏலாது, சென்ட்ரியில இருந்து திருப்பிச் சுடுவாங்க” என்றான்.

“குருவியா?” என்றாள் அவள். பிறகு, “இந்த வீட்டுப் பொடியன் ஒரு விளையாட்டு ஹெலி வச்சிரிக்கான். சின்னப் பெட்டி ஒண்டைக் கையில வச்சுத் திருகினாப் பறக்குது. மேல நிண்ட புறாவெல்லாம் ஓடிட்டுது. ஒண்டு வாங்கி அனுப்பட்டா?” என்றாள்.

அன்றைக்கு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பாதி வசனத்தில் லைன் அறுந்தது. பேச்சு முடியுமுன் லைன் அறுந்தது அதுவே முதல் தடவை.

எதை வாங்குவது என்பதுதான் பிரச்சினை. சின்னதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விசிறி; ஆடாமல் அசையாமல் நிற்கும், விலையும் மலிவு. ஆனால் கச்சான் அடித்தால் அடுத்தவன் வட்டைக்குப் போய்விடும். பெரியதற்கு வாலிலும் விசிறி, காற்றுக்கு நிற்கும். ஆனால் விலை மூன்று மடங்கு, பெட்டரியையும் தின்னும். கோணாமலை கிழமை முழுவதும் வரம்பில் இருந்து கேள்வி யோசிப்பான். இராசாத்தி பொடியனிடம் கேட்டு அடுத்த வெள்ளி பதில் சொல்வாள்.

வரிசை கலைந்த அன்றுதான் சரீப் வாய் திறந்தான். “அண்ணன், கோவிக்காதீங்க. ஹெலி எண்டு சொன்னா என்ட யாவாரம் படுத்திரும். கோழி எண்டு சொல்லுங்க.”

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அடுத்த வெள்ளி, “சின்னக் கோழி காத்துக்கு நிக்குமா?” என்று தொடங்கினான். இராசாத்தி உடனே பிடித்துக்கொண்டாள்.

“நிக்காதாம். பெரிய கோழிக்கு வாலில விசிறி இரிக்கிறதால நிக்குமாம்.”

“பெரிய கோழியை ஒருக்கா சார்ஜ் பண்ணினா எவ்வளவு தூரம் போகும்?”

வரிசை கலையவில்லை. ஆனால் அதில் நின்ற ஒருவர் கலைந்து போய், இரண்டு ஆமிக்காரரோடு திரும்பி வந்தார்.

அவனைக் கொண்டுபோன முகாமில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். “கோழி எண்டா என்ன?” என்று அமைதியாகக் கேட்டார்.

பொய் சொன்னால் இன்னும் வில்லங்கம் என்று கோணாமலை நினைத்தான். “ஹெலி, சேர்.”

அதிகாரி கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

விளக்கிச் சொல்லப் பொழுது பட்டுவிட்டது. எங்கிருந்து ஏவப் போகிறாய் என்றார்கள், வட்டையிலிருந்து என்றான். யாரை அடிக்க என்றார்கள், குருவியை என்றான். அதிகாரி பேனையை மூடி வைத்தார். பிறகு குரலைத் தணித்து, “சின்னது எவ்வளவு நேரம் பறக்குமாம்?” என்றார்.

விட்டுவிட்டார்கள். ஆனால் நிபந்தனை: இனிக் கோழி என்று சொல்லக்கூடாது, ஹெலி என்றே சொல்லவேண்டும். வெள்ளிதோறும் பேசி முடித்ததும் முகாம் வாசலுக்கு வந்து, என்ன முடிவானது என்று சொல்லவேண்டும். சாமான் வந்தால் முதலில் அங்கேதான் காட்டவேண்டும். அதிலிருந்து சென்ட்ரியில் சின்ன ஹெலிக்கு ஒரு கட்சி, பெரிய ஹெலிக்கு ஒரு கட்சி உண்டாயிற்று. பெட்டரியை எங்கே சார்ஜ் பண்ணுவாய், மண்டூரில் உன் வீட்டில் கரண்ட் இல்லையே என்று ஒரு சிப்பாய் கவலைப்பட்டான்.

இதற்கிடையில் வெள்ளாண்மை வெட்டி முடிந்தது. குருவி தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வட்டையில் அறுத்த தாளின் ஒட்டு மட்டுமே நின்றது.

கோணாமலை அதை யாரிடமும் சொல்லவில்லை.

“குருவி எப்பிடி?” என்று இராசாத்தி கேட்டாள்.

“கூடிட்டுது புள்ள. ஹெலி தண்ணிக்குள்ள விழுந்தா என்னாகும் எண்டு கேட்டுச் சொல்லு.”

சொன்ன பொய் அன்றிரவு சோற்றோடு இறங்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வி தானாகவே வந்தது. வெறும் வட்டையில் நின்று, மழை பெய்தால் விசிறி நனையுமா என்று யோசித்தான். அவள் அதற்கு எப்படிப் பதில் சொல்வாள், எந்த இடத்தில் சிரிப்பாள் என்றும் யோசித்தான்.

ஒரு வெள்ளி அவள் சொன்னாள்: “பொடியனுக்கு என்னில கோபம். கிழமைக்குக் கிழமை கேட்டுக் கரைச்சல் குடுக்கிறனாம். முதலாளிக்கிட்டச் சொல்லப் போறானாம்.”

இல்லாத குருவிக்காக அவள் வேலை போகப் போகிறது. அடுத்த வெள்ளி உண்மையைச் சொல்லிவிடுவதென்று கோணாமலை முடிவெடுத்தான். சொன்னால் ஹெலி முடிந்துவிடும். பிறகு மிச்சம் இருப்பது, சாப்பிட்டியா, ஓம், நீங்க, ஓம். அதையாவது விடாமல் கேட்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போய் இலக்கத்தை அழுத்தினான்.

வேறொரு பெண் எடுத்தாள். “அக்கா மருந்து குடுத்துக்கிட்டு இரிக்கிறா, இப்ப வந்திருவா. நான் றபீக்கா, ஏறாவூர். ரெண்டு பேரும் ஒரே வீட்டிலதான் வேலை.”

இராசாத்தியே வந்தால் தைரியம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். “தங்கச்சி, நீங்களே சொல்லிருங்க. வெள்ளாண்மை வெட்டி எவ்வளவோ நாளாயிட்டுது. ஹெலி வேணாம். அந்தப் பொடியன் முதலாளிக்கிட்ட ஒண்டும் சொல்லாமப் பாத்துக்கச் சொல்லுங்க.”

றபீக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“அண்ணன், இந்த வீட்டில பொடியனும் இல்ல, ஹெலியும் இல்ல, ஒரு கிழவனும் கிழவியுந்தான், உங்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன சொல்லுறதெண்டு நாங்க ரெண்டு பேரும் கிழமை முழுக்க இரிந்து யோசிக்கிறம், அந்தா அக்கா வாறா, வேணாமெண்டு மட்டும் சொல்லிராதீங்க.”