மாக்ஸினின் மடிக்கணினியை நான் திறந்த கதை

அந்தத் திங்கட்கிழமை ஒரு சபதம் செய்தேன். இந்த வீட்டில் இனி என் கைதான் ஓங்கும்!

சபதத்துக்குக் காரணம் என் மனைவி மாக்ஸின். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். ஜூலை விடுமுறையில் மீன் பிடிக்கப் போவோம் என்று நான் தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் எங்கள் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் நடக்கும் சைபர் பாதுகாப்பு முகாமில் சேர்ந்துவிட்டாள். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து படிக்கிற முகாம். முதல் நாள் போய்விட்டு வந்தாள். வீட்டிலுள்ள எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினாள். டி.வி.யையும் விடவில்லை.

"மாக்ஸின், இன்னிக்கு பேஸ்பால் மேட்ச். பாஸ்வேர்ட் என்ன?"

"ஆர்வில், பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லக்கூடாது."

"நான் உன் புருஷன்!"

"பாதிப் பேர் வீட்டு ஆளுங்ககிட்டதான் ஏமாறுறாங்களாம். இன்னிக்குத்தான் பாடம் நடத்தினாங்க."

கணவன் சொல்லுக்கு மதிப்பில்லாத வீட்டில் கடவுச்சொல்லுக்கு என்ன மரியாதை பாருங்கள்!

பக்கத்து வீட்டு லைலிடம் போய் அழுதேன். டிராக்டர் ரிப்பேர்காரன். எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பான்.

"யோவ், முகாம் டைரக்டர் பேர்ல உன் பொண்டாட்டிக்கு ஒரு மெயில் போடு. 'சான்றிதழ் தயார், மடிக்கணினி பாஸ்வேர்டை அனுப்பவும்'னு. டி.வி. பாஸ்வேர்டும் அதுக்குள்ளதான் இருக்கும். தானா வந்து விழுவா."

"தப்பில்லையா?"

"அவ படிச்ச வித்தையை அவகிட்டயே பரிசோதிக்கிறே. இது கல்விச் சேவைய்யா!"

கல்விச் சேவை செய்தேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது. பாஸ்வேர்டோடு! 'மிக்க நன்றி டைரக்டர்' என்று பணிவு வேறு. அடடா, இவ்வளவுதானா இவள் படிப்பு?

வியாழக்கிழமை மடிக்கணினியை சமையலறை மேஜையில் மறந்துவிட்டு முகாமுக்குப் போனாள். மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். உள்பனியனோடு, வறுத்த கோழிக்காலைக் கவ்விக்கொண்டு, பாஸ்வேர்டைத் தட்டினேன். திரை கறுத்தது. உச்சியில் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. அப்புறம் ஒரே ஒரு வரி: 'வருகைக்கு நன்றி.'

பொத்தென்று மூடி வைத்துவிட்டேன். கோழி தொண்டையில் நின்றது.

மாலையில் வந்தவள் எனக்கு இரண்டாவது தட்டு மக்ரோனி பரிமாறினாள். அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள். அரங்கம் நிறைய பெற்றோர். மாக்ஸினின் குழு மேடையேறியது. ரெட்டை ஜடைச் சிறுமி ஒருத்தி மைக்கைப் பிடித்தாள்.

"நாங்க ஒரு பொறி வச்சோம். யாராவது திருட்டுத்தனமா நுழைஞ்சா அவங்க படத்தைப் பிடிச்சிடும். இவ்வளவு அப்பாவி யாரும் கிடைக்கமாட்டாங்களோன்னு பயந்தோம். கிடைச்சிட்டார்!"

திரை முழுக்க நான். உள்பனியன். கோழிக்கால். பிதுங்கிய முழி. என் மூக்கு மட்டுமே ஒரு டிராக்டர் அளவு இருந்தது.

இடி விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் எங்கள் பாதிரியார் திரும்பிப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். அப்புறம் மறுபடி என்னை.

"என் பேர்ல வந்த மெயில் போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க டீச்சர்?" என்றார் டைரக்டர்.

"'சான்றிதழ்'ல ரெண்டு எழுத்துப் பிழை. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின காதல் கடிதத்திலேயிருந்து அப்படித்தான்" என்றாள் மாக்ஸின். அரங்கம் அதிர்ந்தது.

முதல் பரிசு அந்தக் குழுவுக்கு. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அப்போது என் போன் சிணுங்கியது. 'இன்றைய விழாவில் உங்கள் படம்! உடனே அழிக்க இங்கே தட்டவும்.'

உயிர் வந்தது. தட்டினேன்.

மேடைக்குப் பக்கத்தில் காத்திருந்த அடுத்த குழு துள்ளிக் குதித்தது: "டீச்சர், நம்ம பொறியிலயும் ஒருத்தர் மாட்டிக்கிட்டார்! அதே அங்கிள்!"