முன்சீட்டு

முள்ளைக் காரில் கட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதுதான் முத்துக்குமாரசாமியின் கேள்வி. பலாமரத்தில் கள்ளன் ஏறாமலிருக்க அடிமரத்தைச் சுற்றி முள் கட்டுவது குன்னத்துகால் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மரத்துக்கு ஆகிற வைத்தியம் காருக்கு ஆகாதா?

"மரத்துக்குள்ள யாரும் ஏறி இருக்கண்டாம். காரில நீங்க ஏறண்டாமா?" என்றாள் அவர் மனைவி கோமளவல்லி.

"நீ சும்மா இரி. உனக்கு ஒண்ணும் அறியாது."

அவர் பயத்துக்கும் காரணம் உண்டு. தனுவச்சபுரத்தில் ஒரே மாதத்தில் நான்கு கார்களைத் திறந்து ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதுவும் ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்க்கும் மத்தியான நேரத்தில். முத்துக்குமாரசாமியின் பழைய அம்பாசடரில் இருந்ததோ, மகன் சபரிநாதன் மஸ்கட்டிலிருந்து ஆசையாக அனுப்பிய ஸ்டீரியோ.

கார் வீட்டு முற்றத்தில் நின்றால் இந்தப் பாடு இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கார் நுழையாது. அண்ணன் சிவதாணு பிள்ளையின் மதில் தடுக்கும். பாகம் பிரித்தபோது அப்பாவின் கார் தம்பிக்கும், வழியோரத்து மண் அண்ணனுக்கும் போனது. காரின் இரண்டு சாவிகளில் ஒன்று அந்த அமளியில் எங்கோ தொலைந்தது. மறுமாதமே அண்ணன் மதிலை ஒரு முழம் தள்ளி வழியில் கட்டினார். அன்றிலிருந்து பதினோரு வருடமாகக் கார் மெயின் ரோட்டில், செல்லையனின் சாயாக்கடைக்கு எதிரே பலாமரத்தடியில் கிடக்கிறது. பதினோரு வருடமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சும் இல்லை. பக்கத்து வீட்டில் அண்ணன் இருமினால் தம்பிக்குத் தூக்கம் வராது. ஆனாலும் என்ன, ஏது என்று போய்க் கேட்கமாட்டார். அவ்வளவு வீம்பு.

முள் கட்டிய மறுநாள் காரில் ஏறும்போது அவர் வேட்டிதான் முதலில் மாட்டியது. பாறசாலை பஸ் முழுக்க எட்டிப் பார்க்க, வேட்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நின்றார். பின்சக்கரத்திலும் இரண்டு முள் ஏறியிருந்தது.

அடுத்ததாகச் செல்லையனின் நாயைப் பம்பரில் கட்டினார். அது வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாலாட்டியது. முத்துக்குமாரசாமி சாவியோடு வந்தால் மட்டும் குரைத்துக் கடிக்க வந்தது.

"சாரே, அது கள்ளனைக் கண்டா விடாதாக்கும்" என்றான் செல்லையன், சாயாவை ஆற்றிக்கொண்டே.

மூன்றாவதாகத்தான் நோக்குகுத்தி வந்தது. புது வீடு கட்டும் இடத்தில் கண் படாமலிருக்க நிறுத்துவார்களே, அந்த வைக்கோல் பொம்மை. தலைக்கு ஒரு மண்கலம், அதைச் சுற்றி முகத்தை மறைத்து ஒரு துவர்த்துத் துண்டு, கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, அவருடைய நீலக் கோடு போட்ட சட்டை. எல்லாவற்றையும் ஒப்பனை செய்து, ஒரு சனிக்கிழமை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தார். சாயாக்கடையிலிருந்து பார்த்தால் சாட்சாத் முத்துக்குமாரசாமிதான்.

அதுவே வினையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சுகிர்தபாய் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, வீட்டில சண்டையா? சாரு நேத்து முதல் காரிலயே இருக்காவ. குட் மார்னிங் சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல்ல."

விஷயம் தெரிந்தபிறகு ஊர் சிரித்த சிரிப்பு அடங்க இரண்டு நாள் ஆனது. செல்லையன் ஒரு படி மேலே போனான். "உள்ளதைச் சொல்லணும் சாரே, காரில இருக்கப்பட்ட சாரு கொள்ளாம், நல்ல மனுசன். சாயாவுக்குக் கடுப்பம் போராதுன்னு ஒரு குறை சொன்னதில்ல."

புதன்கிழமை மாலை போய்ப் பார்த்தால் கார்க் கதவு திறந்து கிடந்தது. முத்துக்குமாரசாமி ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டீரியோ இருந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. துவர்த்தும் கறுப்புக் கண்ணாடியும் சீட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நோக்குகுத்தியைத்தான் காணவில்லை.

"ஸ்டீரியோவை விட்டுட்டு என்னையில்லா தூக்கிட்டுப் போயிருக்கான்!"

"போட்டும். அவனுக்கு என்ன தேவையோ, பாவம்" என்றாள் கோமளவல்லி.

அவமானம் பொறுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவரே வேறொரு சட்டையை மாட்டி, முகத்தில் துவர்த்தைச் சுற்றி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தார். புதுப் பொம்மை என்று நினைத்துக் கள்ளன் மறுபடி கை வைப்பான், கையைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். செல்லையன் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தான். ரோட்டில் ஈ காக்கை இல்லை. கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தார். மரநிழல் பின்பக்கம் விலகியிருந்ததால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. காலில் ஓர் எறும்பு ஏறிக் கடித்தது. பொம்மைக்குச் சொறியும் உரிமை இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போது ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே சிவதாணு பிள்ளை.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். காரின் அருகே வந்தார். இருமினார். முத்துக்குமாரசாமி மூச்சை அடக்கினார்.

"எலே முத்துக்குமாரா" என்றார் சிவதாணு பிள்ளை பொம்மையிடம். "உயிருள்ளவன்கிட்டப் பேசினா அவனுக்கு மூக்கு விடைக்கும். எனக்கும் விடைக்கும். நீயாவது கேளு."

பொம்மை கேட்டது.

"மதில் கெட்டினது வீம்புக்காக்கும். தப்புதான். ஆனா எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அப்பாவுக்க அஸ்தி கரைக்கக் கன்னியாகுமரி போனோம்லா. நீ காரில எல்லாரையும் ஏத்திட்டுப் போயிட்ட. அப்பாவை மடியில வச்சிட்டு நான் பஸ்ஸில போனேன். கண்டக்டர் அதுக்கும் லக்கேஜ் போடணும்னான். 'அண்ணா, முன்சீட்டில ஏறுங்க'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லல்லியே மக்கா."

அண்ணா, அத்தைமார் ஐந்து பேரும் முதலிலேயே ஏறிவிட்டார்கள், இறங்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்று முத்துக்குமாரசாமிக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால், அண்ணன் மனசைத் திறந்தது தம்பியிடமே என்று தெரிந்து கூசிப்போவார். பிறகு இந்த ஜென்மத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்து துவர்த்தில் இறங்கியது. அப்படியே இருந்தார்.

"திங்களாழ்ச்சை மதிலை இடிக்க ஆள் சொல்லியாச்சு. அவன்கிட்டச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. உன்கிட்டச் சொல்லியாச்சு, அது போரும்."

போகப் புறப்பட்டவர் திரும்பினார். தன் குடையை விரித்தபடியே முன்கண்ணாடியின் மேல் சாய்த்து, பிடியை வைப்பரில் மாட்டினார்.

"பொம்மையானாலும் எனக்க தம்பிக்க சட்டையில்லா. வெயில் கொள்ளண்டாம்."

மொட்டை வெயிலில் தலையில் கையை வைத்துக்கொண்டு நடந்து போனார். பொம்மைக்கே இவ்வளவு பாசம் என்றால், என்று நினைத்து நினைத்து முத்துக்குமாரசாமி காருக்குள் அரைமணி நேரம் அழுதார். வீட்டுக்கு வந்து கோமளவல்லியிடம் மட்டும் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. அண்ணன் அறிஞ்சா நாணக்கேடு தாங்கமாட்டாரு."

சொன்னபடி திங்கட்கிழமை மதில் விழுந்தது. கடைசிக் கல்லையும் அள்ளி முடித்தபோது, முத்துக்குமாரசாமி ரோட்டில் காரைக் கிளப்பி, அண்ணன் வீட்டு நடைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிப்போய் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"அண்ணா, ஏறுங்க. முன்சீட்டில."

சிவதாணு பிள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். அங்கிருந்து தம்பி வீட்டு முற்றத்துக்கு இருபது அடிதான். அந்த இருபது அடியை முத்துக்குமாரசாமி கன்னியாகுமரிக்குப் போகிற நிதானத்தில் ஓட்டினார்.

"இந்தக் குடை… காரில கிடந்துது" என்றார், நிறுத்தியபிறகு.

"அப்படியா? நான் எங்கெல்லாமோ தேடினேன்" என்றார் சிவதாணு பிள்ளை.

கடைசிவரை அண்ணனுக்குத் தெரியாமல் காத்துவிட்டோம் என்று முத்துக்குமாரசாமிக்குப் பெருமை. பதினோரு வருடத்தில் அண்ணனுக்காகச் செய்த முதல் காரியம் அல்லவா? அண்ணன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அவருடைய மருமகள் ஸ்ரீகலா பக்கத்து வீட்டிலிருந்து சாயாவோடு வந்தாள்.

"சித்தப்பா, கார்தான் உள்ள வந்தாச்சே, இனி உங்க நோக்குகுத்தியை எனக்க விறகுப்புரையில இருந்து எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவள். "புதனாழ்ச்சை மாமா பழைய சாவியைப் போட்டு அதைத் தூக்கிட்டு வந்தப்பளே சொன்னாவ, 'பாத்துக்கோ மோளே, நாளைக்கு அவனே வந்து காரில இருப்பான், எனக்குப் பேசணும்'னு."