சுவரைப் பார்த்த பெஞ்சு

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், ஏனென்றால் நீங்கள் போன் செய்து நாளாகிறது, ஆதாரம் இல்லாமல் எதையும் அடித்துச் சொல்லக்கூடாது என்பது நான் இப்போது சேர்ந்திருக்கும் வகுப்பின் முதல் பாடம்.

தயவுசெய்து இந்தப் பத்தியோடு படிப்பதை நிறுத்திவிட்டு, பின்வரும் கேள்விக்கு ஒரு தனித்தாளில் பதில் எழுதுங்கள். உங்கள் அப்பா எங்கள் தெருமுனையில் கட்டிய கல் பெஞ்சில் சின்ன வயதில் நீங்கள் உட்கார்ந்தபோது, எதிரே எதைப் பார்த்தீர்கள்? பதிலை எழுதி முடித்த பிறகே மேலே படிக்க வேண்டும். படித்துவிட்டு எழுதினால் அது உங்கள் நினைவாக இருக்காது, என் கடிதமாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஆசிரியை சொல்கிறார். இதை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவன் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பான், உங்க லெட்டரையா வரிசையாப் படிக்கப் போறான்" என்றாள். ஆகவே நீங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

வகுப்பு என்றேன். நூலகத்தின் மாடியில், பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில், வாரம் ஒரு மாலை வரலாற்று ஆய்வுப் பயிற்சி நடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுவதும் வீட்டில் இருந்து பார்த்தேன். நான் பார்த்தேன் என்பதைவிட உங்கள் அக்கா பார்த்தாள் என்பதே சரி. அவள்தான் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வேலைக் காலம் முழுவதும் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்கு, ஒருவர் சொல்வதை நம்பாமல் இருப்பதில் என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது என்று அலட்சியமாகத்தான் போனேன். ஆசிரியை சின்ன வயதுக்காரர். மேஜைமேல் ஒரு குடையை வைத்து, "இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். யாரோ ஒரு ஞாபகமறதிக்காரர் விட்டுவிட்டுப் போனது என்றேன். "குடைன்னு தெரியும் சார். மறந்துட்டாங்கன்னு எப்படித் தெரியும்? ஞாபகமறதிக்காரர்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரிந்தது எது, நாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வகுப்பே என்றார். வகுப்பு முடிந்து வெளியே மழை பெய்தபோதுதான் அது என் குடை என்று கண்டுபிடித்தேன். நான் சேர்த்துக்கொண்டது எல்லாமே சரியாக இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து வீட்டில் கொஞ்சம் சிரமம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று உங்கள் அக்கா சொன்னால், இது நீ நேரில் கண்டதா, இல்லை ஊகமா என்று கேட்டேன். "வந்து பத்த வச்சுப் பாருங்க" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றாள், உனக்கு யார் சொன்னார்கள், அவருக்கு யார் சொன்னார்கள், இதைச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று வரிசையாகக் கேட்டேன். "ரயில்லேருந்து இறங்கிட்டீங்கன்னு யாராவது இவர்கிட்ட சொல்லுங்களேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் பெஞ்சு வந்து சேர்ந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை, தெருமுனையில் ஐஸ் பாக்டரிச் சுவரை ஒட்டி அது நிற்கிறது. முதுகு சாய்ந்துகொள்ளச் செங்கல் சாய்மானம் தெருப்பக்கம். உட்கார்ந்தால் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கால் சுவரில் இடிக்க, காரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொத்தனார் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தார், கோபத்தில் திருப்பி வைத்துவிட்டார் என்பது தெருவின் முடிவு. உங்கள் அப்பா கட்டிய படிக்கட்டுகளையும் வீடுகளையும் யாருக்கும் நினைவில்லை. நம் வீட்டுக்கு வழி கேட்டால் இன்றைக்கும் "திருப்பி வச்சவர் வீடா? நேரே போங்க" என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் அப்பா இருந்த வரைக்கும் இதற்கு ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. போன மாதம் வார்டு அலுவலகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. தவறாக அமைக்கப்பட்ட இருக்கையை இடித்துவிட்டு, சரியான திசையில் புதிதாக அமைக்கப்போவதாக அதில் இருந்தது. உங்கள் அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "இத்தனை நாள் வாயாலதான் சொன்னாங்க, காத்தோட போச்சு. இப்ப அச்சுல போட்டுட்டாங்க. இடிச்சுட்டா அப்புறம் இதுதான் நிக்கும். எங்கப்பா தப்பா வைக்கலை. நீங்கதான் வகுப்புக்குப் போறீங்களே, நிரூபிங்க" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆசிரியையிடம் சொன்னேன். "நிரூபிக்கணும்னு போகாதீங்க சார், பார்க்கணும்னு போங்க. நீங்க விரும்பாதது கிடைச்சாலும் எழுதியாகணும். சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் சாட்சிகளைப் பிடித்தேன். எதிர்க்கடைத் தையல்காரர், சலவைக்கடைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர் என்று மூன்று பேர். மூவரும் அதே வீட்டுச் சண்டை, அதே கோபம் என்று ஒரே கதையைச் சொன்னார்கள். மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் உடைந்து வகுப்புக்குப் போனேன். அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டீர்களா என்றார் ஆசிரியை. திரும்பிப் போய்க் கேட்டேன். சலவைக்கடைக்காரர் தையல் கடையில் கேட்டது, தபால்காரரும் தையல் கடையில் கேட்டது. ஆசிரியை சிரித்துவிட்டு, "மூணு சாட்சி இல்லை சார். ஒரே சாட்சி மூணு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்றார். தையல்காரரிடம் போய், நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நான் கடை போட்டப்பவே பெஞ்சு இப்படித்தான் இருந்துச்சு. புத்தி தெளிவா இருக்கிறவன் சுவரைப் பார்த்து பெஞ்சு வைப்பானா? வீட்ல சண்டைன்னாதான் இப்படி வரும். எனக்கும் சண்டைன்னா சட்டைக் கை கோணலாத்தான் வருது" என்றார். ஆக, நம் குடும்பத்தின் மேல் இத்தனை வருடம் கிடந்த பழி அவருடைய வீட்டு அனுபவத்திலிருந்து எடுத்துத் தைத்தது.

நேரில் பார்த்த சாட்சி இல்லை என்றானபின் பெஞ்சையே கேட்கலாம் என்றார் ஆசிரியை. அடியில் இருப்பது முந்தியது, அதன்மேல் இருப்பது பிந்தியது என்று ஒரு விதி சொன்னார். இது பருப்பு டப்பாவுக்கும் பொருந்தும் என்று உங்கள் அக்கா சொன்னாள். மறுநாள் காலை உங்கள் அப்பாவின் பழைய கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு போய், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே மண்டிபோட்டு, பெஞ்சின் காலடியில் படிந்திருந்த மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தேன். அந்த இடைவெளி என் உடம்புக்குப் போதுமா என்பதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். உள்ளே போகப் போதுமானதாகத்தான் இருந்தது, வெளியே வரத்தான் போதவில்லை. கூட்டம் கூடிவிட்டது. புதையலா என்று ஒருவர், பாம்பா என்று ஒருவர், இல்லை ரிட்டயர்டு ஆனவர் என்று தையல்காரர். அந்தச் சமயம் பார்த்து வார்டு பொறியாளர் வந்து, "யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?" என்றார். அவருக்கு என் முகம் தெரியவில்லை, பின்பக்கத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே, பெஞ்சோடு சேர்த்துப் போட்ட ஒரு சிமெண்டுத் தளம் முன்னால் இருக்கிறது, அது எங்கே முடிகிறது என்று தேடுகிறேன், முடியவில்லை, சுவருக்கு அடியில் போகிறது என்றேன். அவர் குனிந்தார். நல்ல மனிதர், தன் கையால் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல, "சுவர் இருக்கும்போது அதுக்கு அடியில தளம் போட முடியாதே" என்றார். அதற்குப் பிறகு அவரும் தையல்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை இழுத்தெடுத்தார்கள்.

வார்டு கூட்டத்தில் நான் பேசினேன். பெஞ்சு முதலில் வந்தது, அப்போது எதிரே சுவர் இல்லை, கொத்தனார் பெஞ்சைச் சுவரைப் பார்த்து வைக்கவில்லை, சுவர்தான் பிறகு வந்து பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டது என்றேன். பொறியாளர் எழுந்து ஆமாம் என்றார். கவுன்சிலர் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாகவும், பெஞ்சு இடிக்கப்படாது என்றும், அது சரியாகவே கட்டப்பட்டது என்று ஒரு பலகை வைக்கலாம் என்றும் சொன்னார். தையல்காரர்கூடக் கை தட்டினார். தட்டிவிட்டு, "அப்போ கண்ணு தெரியாதவன் சுவர் கட்டினவன்தானே? ஜனங்க உக்கார்ற பெஞ்சை மறைச்சு எவனாவது கட்டுவானா?" என்றார். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. அந்த ஆளையும் கண்டுபிடிக்கிறேன், அவர் பெயரையும் பலகையில் போடுவோம் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசி வரிசையிலிருந்து உங்கள் அக்கா, "அவனைச் சும்மா விடக்கூடாது" என்றாள்.

அதற்காகத்தான் உங்கள் சாட்சியம் தேவைப்படுகிறது. அந்த வருடங்களில் உங்கள் அக்கா சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் மட்டும்தான் இங்கே இருந்தீர்கள். முன்பு எதிரே என்ன இருந்தது, சுவர் எப்போது வந்தது, யார் கட்டியது என்று நினைவில் இருப்பதை மட்டும், சேர்க்காமல் எழுதுங்கள்.

உங்கள் இல்லத்தரசிக்கு என் அன்பையும், குழந்தைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகளையும் தெரிவியுங்கள். அவர்கள் படித்து, கேள்வி கேட்டு, வீட்டில் அடி வாங்காமல் வளர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் உங்கள் அக்கா பொறுக்க முடியாமல் உங்களுக்குப் போன் செய்துவிட்டாள். நீங்கள் அவளிடம் சொன்னதை அவள் வாய்மொழியாக இங்கே பதிவு செய்கிறேன். தவறு இருந்தால் திருத்தவும். எதிரே மைதானம் இருந்தது, பந்து விளையாடுவதைப் பார்க்கத்தான் அப்பா பெஞ்சு கட்டினார். அடுத்த வருடம் மைதானத்தை ஐஸ் பாக்டரி வாங்கியது. சுவர் கட்ட அவர்கள் கூப்பிட்டது அப்பாவைத்தான். பெஞ்சு மறைகிறதே என்று சொல்லிப் பார்த்தார், எல்லை அதுதான் என்றார்கள், கட்டிவிட்டார். "சுவர் மேல என்னை உக்கார வச்சு ஐஸ் கட்டி வாங்கிக் குடுத்தாரு, அக்கா. நீங்க யாரும் இதைக் கேக்கவே இல்லையே" என்றீர்களாம்.

போனை வைத்துவிட்டு உங்கள் அக்கா, "அவனுக்கு அப்ப ஆறு வயசு. ஐஸ் தின்னதைத் தவிர வேற எதுவும் நெனப்பு இருக்காது. இதை எழுதாதீங்க" என்றாள். எழுதுவதாக வகுப்பில் சம்மதித்திருக்கிறேன் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே போனேன். பெஞ்சில் ஏறி நின்று சுவரின் உச்சியைத் தடவிக்கொண்டிருந்தாள். சுவரின் மேல்விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் அடியில் நூல் பிடித்த மாதிரி ஒரு பள்ளக்கோடு. மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிட அப்பா தன் வேலை எல்லாவற்றிலும் இழுக்கும் கோடு அது என்றாள். நம் வீட்டு ஜன்னல் மேலும் இருக்கிறது, பெஞ்சுக் கல்லுக்கு அடியிலும் இருக்கிறது, நான்தான் பார்த்ததில்லை. கோட்டிலிருந்து விரலை எடுக்காமலே, "சுவரும் அவர் கட்டினதுதான். இதனாலதான் அப்பா வாயே திறக்கலை" என்றாள். பிறகு, "இத்தனை வருஷம் ஆச்சு. எங்கயாவது ஒரு விரிசல் இருக்கா, சொல்லுங்க" என்றாள். தேடினேன். இல்லை.

பலகையில் சுவரையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். பெஞ்சுக்கு ஒரு வரி போதும், சுவருக்கு இரண்டு வரியாவது வேண்டும், அதுதான் பெரிய வேலை என்கிறாள். இப்போது ஒரு வாளி தண்ணீரையும் தையல்காரரையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருக்கிறாள். மேலேயிருந்து ஊற்றி, ஒரு சொட்டு சுவரில் வழிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லப் போகிறாளாம். ஏணி பிடிக்க என்னைக் கூப்பிடுகிறாள். போகிறேன்.