கடலுக்கு உப்புப் போட்டவர்

எனக்கு எழுபத்தாறு வயது. காரைக்கால்மேட்டில் மீன் விற்றே ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள். இத்தனை காலத்தில், கடலில் உப்புப் போதவில்லை என்று கவலைப்பட்ட ஒரே மனிதரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் சொல்தா.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படிப் பல பேர் உண்டு. ஆனால் பேர் சொல்லாமல் சொல்தா என்றால் இவர்தான். பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஒண்டியாக இருந்தார். ஒரே மகள் பிரான்சில், கடலோர ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரி வேலை. வந்து என்னோடு இருங்கப்பா என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். அந்தக் குளிர் உடம்புக்கு ஆகாது என்று இவர் தட்டிக் கழிப்பார். சித்திரை வெயிலிலேயே சட்டைக்குள் பனியன் இரண்டு போடுகிற ஆள்.

மகளை மட்டும் குளிரில் விட்டுவிட்டோமே என்று மனசு உறுத்தும் அல்லவா? அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து கடல். நம் பக்கத்து வெயிலில் காய்ந்த தண்ணீர் மேலாக ஓடி, ஆப்பிரிக்கா முனையைச் சுற்றி, வடக்கே ஏறிப் போய், அங்கே காற்றுக்குச் சூட்டைக் கொடுக்குமாம். பிறகு குளிர்ந்து, உப்பேறிக் கனத்து, அடியாழத்துக்கு இறங்கி, இருட்டிலேயே ஊர்ந்து, நூறு நூறு வருஷம் கழித்து மறுபடி மேலே வருமாம்.

"அந்தத் தண்ணிக்கு விசா யாருண்ணே குடுக்குறா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நம்ம வெயிலத்தான் தங்கச்சி எம்மவ அங்க காயுறா" என்றார்.

நான் நம்பவில்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஏலம் நடக்கும்போதே என் ஐஸை உடைத்துக் கரைத்து, அதில் சொட்டுநீலத்தைக் கலந்து, நான் மீன் கழுவும் டப்பின் ஓரமாக ஊற்றினார். நீலம் நேரே அடிக்கு இறங்கி, அடியோடு நகர்ந்தது வாஸ்தவம். அடியில் என் வஞ்சிரம் கிடந்ததும் வாஸ்தவம். வந்தவர்களெல்லாம் இது என்ன புது மீன் என்று விசாரித்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சில் காக்கா கூடக் கீழே இறங்கவில்லை. அவரோ, பார்த்தாயா என்று எல்லோருக்கும் டப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சேதி வந்தது. வடக்கே பனிமலை உருகி, நல்ல தண்ணீர் கடலில் கலக்கிறதாம். உப்புக் குறைந்தால் தண்ணீர் கனக்காது, இறங்காது. அது இறங்காவிட்டால் இங்கிருந்து போகும் சூடும் குறையும்; அந்த ஓட்டம் தளர்ந்துவிடுமோ என்று படித்தவர்கள் பயப்படுகிறார்களாம். போனில் மகள் ஊர்ச் செய்தி கேட்டுவிட்டு வந்து சொன்னார். முகம் செத்துப் போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கல்லுப்புப் பொட்டலத்தோடு கரைக்கு வந்து, அலையில் கொட்டினார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வலை பின்னுகிறவர்கள் விடுவார்களா?

"ஐயா, அப்படியே கொஞ்சம் புளியும் கரைச்சு ஊத்துங்க. கொழம்பாவே அள்ளிக்கிறோம்."

நான்தான் கிட்டே போய், பட்டாளத்துக்காரர் செய்கிற வேலையா இது என்று கேட்டேன்.

"தெரியும் தங்கச்சி. கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

மார்கழியில் ஒருநாள் புதுக் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். டிக்கெட் போட்டாயிற்றாம், இனி அங்கேதானாம்.

"போறதுதான் போறீங்க, சித்திரையில போவக் கூடாதாண்ணே?"

"குளிர்லதானே தங்கச்சி சூடு வேணும்? தண்ணி கொண்டு போவலன்னா போவட்டும். நானே போயி அவ பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்."

போன வாரம் போனில் பேசினார். பல் தந்தியடிக்கிற சத்தம் காரைக்கால் வரைக்கும் கேட்டது. பக்கத்தில் மகள் சிரிப்பதும் கேட்டது. அங்கே எல்லாம் சௌக்கியம். இங்கேதான் பொழுது போகமாட்டேன் என்கிறது.

ஏ பேத்தி தீபா, இத எழுதின ஆச்சி கையெழுத்து கோணலாத்தான் இருக்கும். ஒருதரம் சத்தமாப் படிச்சுக் காட்டு. சொல்தா பேசுற எடம் வந்தா மட்டும் மெதுவாப் படி.